மடுவில் மணல் எடுத்தவர்கள்

மாலை ஆறு மணிக்கு மேல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் உட்கார இடம் கிடைப்பது அரிது. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பிள்ளைகள் பஞ்சுமிட்டாயைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரின் மேல் ஓடுகின்றன. அம்மாக்கள் அவற்றின் சட்டையைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு கூடவே ஓடுகிறார்கள். குளம் நிறைந்திருக்கிறது. பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைக் கொண்டுவந்து விட்டபிறகு, சமீப ஆண்டுகளில் அது நிறைந்தே இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமும் தொள்ளாயிரத்து ஐம்பது அடி அகலமும் கொண்ட அந்த நீர்ப்பரப்பில் மைய மண்டபத்தின் விளக்குகள் ஆடுகின்றன. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத காட்சிதான். ஆனால் அந்தச் சட்டைகளைப் பற்றியிருக்கும் கைகளின் இறுக்கத்தை நான் கவனித்திருக்கிறேன். அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும் நூறு பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்க்கத் தொடங்கியதிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம் இது. அரண்மனைச் செங்கற்களுக்காக மண் எடுத்த பள்ளம் என்றும், அங்கேதான் முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்றும் மதுரைக்காரர்கள் சொல்வார்கள். நான் படிப்பதற்காக மதுரைக்கு வந்தபோது அது பெரும்பாலும் வறண்டுதான் கிடந்தது. உள்ளே ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். ஒரு குழுவின் பந்து இன்னொரு குழுவின் விக்கெட்டைச் சாய்ப்பதும், அதன்பொருட்டுச் சண்டை மூள்வதும் அன்றாடம். தைப்பூசத்தன்று தெப்பம் மிதக்காது. நிலைத்தெப்பமாக நிறுத்திவைத்துச் சடங்கை முடிப்பார்கள். அங்கே பந்து பொறுக்கிய ஒரு தலைமுறைக்கு அது குளம் என்ற எண்ணமே இருந்திருக்க நியாயமில்லை. அந்தத் தலைமுறைதான் இன்று சுவரோரம் நின்று தன் பிள்ளையின் சட்டையைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

மதுரை வரைபடத்தைப் படிப்பதென்பது ஒருவகையில் நீர்நிலைகளின் இரங்கல் பட்டியலைப் படிப்பதே. தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், மாடக்குளம், கரிசல்குளம், ஊமச்சிகுளம், உலகனேரி. இவற்றில் சிலவற்றில் இன்னும் நீர் நிற்கிறது. பலவற்றில் பெயர் மட்டும் நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்துக்கு அப்பால், எழுகடல் என்றொரு குளம் இருந்தது. கடலாட விரும்பிய காஞ்சனமாலைக்காகச் சொக்கநாதர் ஏழு கடல்களையும் அழைத்து ஓரிடத்தில் வைத்தார் என்பது திருவிளையாடல். மாமியாருக்குக் குளிக்க இடம் வேண்டும் என்பதற்காகக் கடவுளையே கடலை அழைக்கவைத்த ஊர் இது! ஏழு கடல் இருந்த இடத்தில் இன்று கடைகள் இருக்கின்றன. தெருவின் பெயர் மட்டும் எழுகடல் தெரு.

*

மதுரையை நீராட்டின் ஊர் என்று சொன்னால் இன்று சிரிப்பார்கள். ஆனால் பரிபாடல் அப்படித்தான் சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்த அந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு பாடல்கள். அவற்றில் எட்டு வையையைப் பற்றியவை. எழுபது பாடல்களும் கிடைத்திருந்தால் வையைக்கு இருபத்தாறு இருந்திருக்கும். புதுப்புனல் வந்தது என்ற செய்தி கேட்டு நகரமே கிளம்பிப்போவதும், ஆணும் பெண்ணும் புணையைப் பற்றிக்கொண்டு நீரில் மிதப்பதும், ஊடுவதும் கூடுவதும் அந்தப் பாடல்களின் பொருள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழைய வையையைப் புணையேறித்தான் கடக்கிறார்கள். இன்று அதே ஆற்றை ஆண்டின் பெரும்பகுதி செருப்பு நனையாமல் கடக்கலாம், ஆகாயத்தாமரை வழிவிட்டால்.

என் மனத்தில் அதிகமாக நிற்பது வேறொரு பாடல். புறநானூற்றின் 243-ஆம் பாடல். பாடியவரின் பெயர்கூடத் தெரியாமல், பாட்டில் வரும் பூண் கட்டிய ஊன்றுகோலை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இருமலுக்கிடையே சில சொற்களைப் பேசும் முதியவர், தம் சிறுவயதை நினைத்துக்கொள்கிறார். பெண்பிள்ளைகள் மணலில் பாவை செய்து பூச்சூட்டி விளையாடிய பொய்கை. அவர்களோடு கைகோத்து ஆடிய நீராட்டு. நீரோரத்து மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, நீர் சிதறக் குதித்து, ஆழ்ந்த மடுவின் அடிக்குப் போய் மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய இளமை. அது எங்கே போயிற்று என்று கேட்கிறார்.

உரையாசிரியர்கள் இதை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு இது ஓர் ஆவணமாகவும் படுகிறது. அந்தச் சிறுவனின் கையில் இருக்கும் மணல் ஒரு சான்றிதழ். அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் செல்லாது, மணலைக் காட்ட வேண்டும். 1980-களில் மேலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் நாங்களும் இதையேதான் செய்தோம். முங்கிப்போய் அடிச்சேற்றை எடுத்துவந்து மேலே நிற்பவனிடம் காட்டினால்தான் ஆட்டத்தில் சேர்ப்பார்கள். அந்தப் பாட்டைப் பள்ளியில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டுக்கும் எங்களுக்கும் இடையே பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேல். பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறும் அறிவு எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது எவ்வளவு எளிதில் அறுந்துவிடும் என்பதைப் பின்னர்தான் பார்த்தோம்.

*

எனக்கு நீச்சல் கற்றுத்தந்தவர் என் தாய்மாமா. கற்றுத்தந்தார் என்பது மிகைதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டைக் கட்டி, இடுப்பில் வடக்கயிற்றைச் சுற்றி, கமலைக் கிணற்றின் கல்படியிலிருந்து தள்ளிவிட்டார். தண்ணீர் மூக்கில் ஏறியது. "கைய அடிக்காத மாப்ள, தண்ணிய பின்னால தள்ளு" என்று மேலிருந்து குரல் வந்தது. மூன்றாம் நாள் ஒரு குடுக்கையை அவிழ்த்தார். ஐந்தாம் நாள் இரண்டாவதையும். அதற்கடுத்து கயிறு மட்டும். ஒருநாள் கயிற்றின் மறுமுனையை அவர் பிடித்திருக்கவில்லை என்பதை நடுக்கிணற்றில் வைத்துக் கண்டுகொண்டேன். அன்றோடு பாடம் முடிந்தது. சுரைக்குடுக்கை கிடைக்காத வீடுகளில் வாழைத்தண்டு, கல்யாண முருங்கைக் கட்டை, மூடியை இறுக்கி அடைத்த மண்ணெண்ணெய் டின். வசதியுள்ளவன் லாரி ட்யூப் கொண்டுவருவான். அவனைச் சுற்றிக் கூட்டமிருக்கும்.

நாய்நீச்சலில் தொடங்கி, முங்குநீச்சல், மல்லாக்க நீச்சல் என்று படிப்படியாகப் போகும். நீந்தத் தெரியாதவனைக் 'கடப்பாரை நீச்சல்காரன்' என்று கேலி செய்வோம். கிண்டல்தான் அங்கே பாடத்திட்டம். ஆனால் கூடவே வேறு சில விஷயங்களும் சொல்லித்தரப்பட்டன. மூழ்குகிறவனை முன்பக்கமாகப் போய்ப் பிடிக்காதே, கட்டிக்கொண்டு உன்னையும் இழுத்துவிடுவான்; பின்னாலிருந்து தலைமுடியைப் பிடி. முடிந்தவரை குதிக்காதே, துண்டையோ கயிற்றையோ எறி. புது மழைத் தண்ணீரில் சொருகு அடிக்காதே, அடியில் என்ன வந்து கிடக்கிறது என்று தெரியாது. இன்றைய உயிர்காப்புப் பயிற்சிக் கையேடுகள் சொல்லும் பாடத்தில் பாதியேனும் இதில் இருக்கிறது.

மீதிப் பாதியைப் பேய்கள் பார்த்துக்கொண்டன. கண்மாயின் மடைப்பக்கம் போகக்கூடாது, மடைக்கருப்பு குடியிருக்கிறார். உச்சிவேளையில் தனியாகக் கிணற்றில் இறங்கினால் கன்னிமார் இழுத்துக்கொள்வார்கள். பகுத்தறிவு வந்த வயதில் இதையெல்லாம் நையாண்டி செய்திருக்கிறேன். பிறகுதான் யோசித்தேன்: மடை திறந்திருக்கும்போது அதன் வாயில் உள்ளிழுப்பு எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதை ஏழு வயதுப் பிள்ளைக்கு நீரியல் பாடமாகச் சொல்ல முடியுமா? உச்சிவேளையில் காடுகரையில் ஆளிருக்காது, கத்தினாலும் கேட்காது. எச்சரிக்கைப் பலகையைப் பிள்ளைகள் படிப்பதில்லை. கருப்பசாமிக்குப் பயப்படுவார்கள்.

இந்தக் கல்விக்கு ஒரு பெரும் குறை உண்டு, அதைச் சொல்லாமல் கடந்தால் இது வெறும் பழம்பெருமைக் கட்டுரையாகிவிடும். என் அக்காவுக்கு நீச்சல் கற்றுத்தரவில்லை. நாங்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது அவள் கிணற்றுமேட்டில் எங்கள் துணிகளுக்குக் காவலிருந்தாள். வயசுக்கு வரும்வரை படியில் நின்று குளிக்கலாம், அவ்வளவுதான். புறநானூற்றுப் பொய்கையில் கைகோத்து ஆடிய பெண்பிள்ளைகள் எந்த நூற்றாண்டில் கரையேறினார்கள் என்று எந்த வரலாற்றாசிரியராவது எழுதியிருந்தால் படிக்க ஆசை. கண்மாயிலும் குட்டையிலும் ஒரு சிறுமி வழுக்கிவிழ, காப்பாற்றப்போன மற்றொருத்தியும் அவளைத் தொடர்ந்து இன்னொருத்தியும் ஒருவர்பின் ஒருவராக மூழ்கிய செய்திகளை நாளிதழ்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்! நீருக்குப் போகும் வேலை பெண்ணுக்கு, நீந்தும் அறிவு ஆணுக்கு என்று பிரித்துவைத்ததன் கணக்கு அது.

*

இன்னொரு பிரிவினையும் இருந்தது. யார் எந்த நீரில் இறங்கலாம் என்பது. ஊர்க் கிணறும் ஊருணியும் கோயில் குளமும் எல்லோருக்குமாக இருந்ததில்லை. தாழ்த்தப்பட்டோர் பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் பயன்படுத்துவது குறித்து 1924-இல் ஆர். வீரையன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச்சில் மகாராஷ்டிரத்து மகாடில் அம்பேத்கர் பல்லாயிரம் பேரோடு சவுதார் குளத்துக்கு நடந்து நீரருந்தினார். பொற்றாமரைக் குளத்தின் படிகளுக்கு வர மதுரையின் ஒடுக்கப்பட்ட மக்கள் 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசம் அது.

அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் மேலூருக்கு அருகே தும்பைப்பட்டியில் பிறந்த பி. கக்கன். இருபது ஆண்டுகள் கழித்து, 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டபோது காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தது. எந்தக் குளத்தின் கரைக்குப் போவதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டதோ, அந்த ஊருக்கே நீர் தரும் அணை அவருடைய துறையின் பொறுப்பில் எழுந்தது. கக்கனைப் பற்றிப் பேசும்போது அவருடைய எளிமையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்கு இந்தச் செய்தி அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, எவருக்கும் மறுக்கப்படக் கூடாத பொது இடங்களைச் சொல்லும்போது கிணறு, குளம் என்பவற்றோடு குளிக்கும் படித்துறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஓர் அரசியலமைப்பில் படித்துறை இடம்பெற வேண்டிய நாடு நம்முடையது. சட்டம் வந்தபின்னும் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் குதித்தார்கள் என்று எழுத என் பேனா கூசுகிறது. குதிக்கவில்லை. சேரிப் பிள்ளைகளுக்குக் கண்மாயின் வேறொரு மூலை இருந்தது. அவர்கள் எங்களைவிட நன்றாக நீந்தினார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

*

நீர் எப்படிப் போயிற்று? ஒரே நாளில் போகவில்லை. கமலை நின்று மின்மோட்டார் வந்தபோதும் கிணறு இருந்தது. தொட்டியில் விழும் நீரின் இரைச்சல் எங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. பிறகு கிணற்றுக்குள்ளேயே ஆழ்துளை போட்டார்கள். பின்னர் கிணற்றை விட்டுவிட்டு வயலில் ஆழ்துளை போட்டார்கள். 1990-ஐ ஒட்டி உழவு மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமற்றதானது. அதன் நியாயங்களை மறுக்கவில்லை, ஆனால் நிலத்தடி நீர் இறங்கிய வேகம் கூடியதில் அதற்குப் பங்கு உண்டு. இருநூறு அடி, நானூறு அடி, எண்ணூறு அடி. நாற்பதடிக் கிணறு இந்தப் போட்டியில் எங்கே நிற்கும்? என் மாமாவின் கிணற்றில் இப்போது வேலிக்கருவை முளைத்திருக்கிறது. கல்படிகள் அப்படியே இருக்கின்றன.

நகரத்தில் குளங்கள் தூர்ந்தன, கண்மாய்களில் வீடுகளும் அலுவலகங்களும் எழுந்தன. தப்பிய கண்மாய்களில் சாக்கடை சேர்ந்தது. வைகையிலும் அதே கதி. இவையெல்லாம் பலரும் எழுதியவை. நான் சொல்ல வருவது அதன் மறுபக்கம். நீர் போனதும் நீந்தும் பழக்கம் ஒரே தலைமுறையில் போய்விட்டது. அண்ணன் தம்பிக்குச் சொல்லித்தர வேண்டிய அறிவு. அண்ணனின் பத்து வயதில் கிணறு வறண்டிருந்தால் தம்பிக்கு ஆசிரியர் இல்லை. ஆனால் நீர் முற்றாகப் போய்விடவில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை, மூன்றாண்டுக்கொருமுறை திரும்பிவருகிறது. 2024 அக்டோபரில் சில மணிநேர மழையில் செல்லூர்ப் பகுதியே மிதந்தது. அப்படி வரும்போது அது சந்திப்பது தன்னை அறியாத பிள்ளைகளை. நீர் நிறைந்த நாட்டில் பிள்ளைகள் மூழ்குவது விளங்கக்கூடியது. மதுரைச் சமவெளியில் அவர்கள் மூழ்குவதற்கு வறட்சியும் ஒரு காரணம்.

திரும்பிவரும் நீரின் வடிவமும் மாறியிருக்கிறது. பழைய கண்மாய் ஒரு தாம்பாளம் போன்றது. நீர்ப்பிடிப்பின் ஓரத்திலிருந்து இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் மெல்லக் கூடும். கரையை ஒட்டிய மடைப்பக்கத்தில்தான் ஆழம். செங்கல் சூளைக்கும் சாலைக்கும் வீட்டுமனைக்கும் மண் அள்ளும் இயந்திரம் அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டது. சுவர்போல நிற்கும் விளிம்புகளோடு ஆங்காங்கே பள்ளங்கள். நீர் நிறைந்துவிட்டால் மேலே எல்லாம் ஒரே சமம். முழங்கால் நீரில் நடந்துபோகும் பிள்ளை அடுத்த அடியில் பத்தடிப் பள்ளத்தில் இருக்கும். வைகையில் மணல் எடுத்த குழிகளும் இப்படியே.

1895-இல் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வைகை வடிநிலத்துக்கு வந்தபோது மேலூர் வட்டத்துக்கு ஒரு புதிய ஆறே கிடைத்தது. அந்தக் கால்வாய்க்கரை பல ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளி. கள்ளந்திரிப் பக்கம் தண்ணீர் திறந்த நாட்களில் இன்றும் நகரத்திலிருந்து இளைஞர்கள் குளிக்கப் போகிறார்கள். மண்கரையாக இருந்தவரை புல்லையோ வேரையோ பற்றி ஏறலாம். பிற்காலச் சீரமைப்பில் நீர்க்கசிவைத் தடுக்கக் கரைச்சரிவுகளுக்குப் பூச்சு கொடுத்தபின் பாசனத்துக்கு நல்லது நடந்தது. ஆனால் பாசிபிடித்த வழுக்குச் சரிவில் ஓடும் நீரிலிருந்து கரையேறுவது, நீந்தத் தெரிந்தவனுக்கே கடினம்.

எல்லாவற்றையும்விடக் கொடியது கல்குவாரி. மேலூர்ப் பக்கம் கீழவளவு, கீழையூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டிய பள்ளங்கள். 2012-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அனுப்பிய அறிக்கையும் அதைத் தொடர்ந்த சோதனைகளும் நாடறிந்தவை, குவாரிகள் மூடப்பட்டன. அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. பள்ளங்கள் என்ன ஆகும் என்று அவ்வளவாக யாரும் கேட்கவில்லை. அவற்றில் மழைநீர் நிறைந்தது. கம்பிவைத்து அறுத்ததுபோல நேர்ச்சுவர், படி கிடையாது, ஆழம் கண்ணுக்குத் தெரியாது, நீரோ பளிங்குபோலப் பச்சையாக அழைக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு நீரில்லாத கோடையிலும் அங்கே நீர் உண்டு. அங்கே எந்தக் கருப்பசாமியும் குடியேறவில்லை. பேய்க்கதைகூட இல்லாத புதிய நீர்.

*

உலக அளவில் 2021-இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பத்தில் ஒன்பது சாவுகள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இந்தியாவில் 2022-இல் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. காவல் நிலையம் வரை வராத சாவுகள் அதில் சேரா. ஐ.நா. பொதுச்சபை 2021-இல்தான் ஜூலை 25-ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. நடுவண் அரசின் உத்தி ஆவணம் 2023 டிசம்பரில் வந்தது. காலராவுக்கும் அம்மைக்கும் நூற்றாண்டுகளாகத் துறைகள் இருக்கின்றன. மூழ்கிச் சாவதை மட்டும் நாம் விதி என்றே விட்டுவைத்திருந்தோம்.

கால்வாய்களின் ஊரான ஆம்ஸ்டர்டாமில் 1767-லேயே மூழ்கியோரை மீட்பதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது. அவர்களின் தொடக்ககால முறைகளில் ஆசனவாய் வழியே புகையிலைப் புகையைச் செலுத்துவதும் ஒன்று என்பதைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. மூழ்கிய பிள்ளையைத் தூக்கித் தலைகீழாகச் சுற்றுகிறோம், வயிற்றை அமுக்குகிறோம். மூளை மூச்சில்லாமல் தாங்கும் சில நிமிடங்கள் அதிலேயே கழிந்துவிடுகின்றன. செய்ய வேண்டியது வாயோடு வாய்வைத்து மூச்சை ஊதுவதும் மார்பை அழுத்துவதும்தான். இதைத் தெரிந்துகொள்ளக் குளம் வேண்டாம். ஒரு வகுப்பறை போதும்.

அதே நெதர்லாந்தில் இன்று பிள்ளைகள் நீச்சல் பட்டயத்துக்கான தேர்வில் முழு உடுப்போடும் காலணியோடும் நீந்திக்காட்ட வேண்டும். விழுகிற பிள்ளை நீச்சலுடையோடு விழாது அல்லவா?

அவர்கள் பணக்காரர்கள், நமக்குப் பொருந்தாது என்பார்கள். வங்கதேசம் பணக்கார நாடு அன்று. அங்கே 2000-களின் நடுப்பகுதியில் தொடங்கி, ஊர்க்குளங்களிலேயே மூங்கிலால் ஒரு மேடை கட்டி, சுற்றிலும் வேலி வைத்து, மேடையின் அடித்தளத்தைப் பிள்ளையின் மார்பளவு ஆழத்தில் நிறுத்தி, உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுநராக்கி, நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தந்தார்கள். பளிங்கு ஓடு இல்லை, குளோரின் இல்லை. மூங்கிலும் கயிறும். என் மாமாவின் சுரைக்குடுக்கைக்கு நெருங்கிய உறவு. நடந்துபழகும் சிறு குழந்தைகளுக்கு நீச்சல் உதவாது என்பதால், தாய்மார் வேலையில் இருக்கும் முற்பகல் நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தனியே குழந்தைகள் காப்பகங்கள்.

மதுரையில் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல்குளம் இருக்கிறது. நல்ல குளம். கோடைப் பயிற்சிக்குப் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். தனியார் பள்ளிகளிலும் விடுதிகளிலும் குளங்கள் பெருகியிருக்கின்றன. அவற்றின் கட்டணம் அவற்றுக்குள் யார் வரலாம் என்பதைச் சத்தமில்லாமல் தீர்மானிக்கிறது. 1994-இல் பதின்மூன்று வயது நிரம்பாத குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்தியபோது தமிழ்நாடே கொண்டாடியது. அதன்பின் நீச்சல் என்றால் பதக்கம் என்ற எண்ணம் நம் நடுத்தர வர்க்கத்தில் வேரூன்றிவிட்டது. பதக்கம் நல்லதுதான். ஆனால் கீழையூரில் ஆடு மேய்க்கும் பையனுக்கு வேண்டியது பதக்கமன்று; இருபத்தைந்து மீட்டர் நீந்தவும், ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் தெரிந்தால் போதும்.

நாட்காட்டியிலும் ஒரு சிக்கல். நாம் நீச்சல் பயிற்சியை மே மாதத்தில் நடத்துகிறோம், பள்ளி விடுமுறை என்பதால். மதுரைச் சமவெளியில் அப்போது கண்மாயில் வெடிப்பு விழுந்திருக்கும். அணை நிலவரம் சரியாக இருந்தால் ஜூனில் இருபோகப் பாசனத்தின் 45,041 ஏக்கருக்குத் திறப்பார்கள். செப்டம்பரில் ஒருபோகப் பகுதிக்கு. அக்டோபரிலும் நவம்பரிலும் மழை. ஆக, ஊருணியில் நீர் நிற்பது தீபாவளி, அரையாண்டு, பொங்கல் விடுமுறைகளில். பிள்ளைகள் மூழ்கும் செய்திகள் அந்த நாட்களில் வருவதும் இதனால்தான். ஊருணி நிறைந்திருக்கும் அந்த மூன்று மாதங்களில், சாக்கடை கலக்காத ஒன்றைத் தேர்ந்து, மூங்கில் மேடையொன்றைக் கட்டுவதற்கு ஓர் ஊராட்சிக்கு என்ன செலவாகும் என்று ஒரு கொத்தனாரிடமும் ஒரு மூங்கில் கடைக்காரரிடமும் விசாரித்தேன். இருவரும் சொன்ன தொகை, எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருநாள் வாணவேடிக்கைக்கு ஆகும் செலவைத் தாண்டவில்லை.

சென்ற கோடையில் மதுரைக்குப் போயிருந்தபோது, அக்கா தன் பேத்தியை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போகிறாள் என்று கேள்விப்பட்டு நானும் உடன் போனேன். பயிற்றுநர் வண்ண வளையங்களை நீருக்குள் போட, பிள்ளைகள் முங்கி எடுத்துவந்து கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேத்தி இரண்டு வளையங்களோடு மேலே வந்தாள். அக்கா சுவரோரப் பெஞ்சில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கயும் துணிக்குக் காவலா அக்கா?" என்றேன்.

"பொம்பளைகளுக்குக் காலையில தனி நேரம் இருக்காம்டா" என்றாள், குளத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த வயசுல சேத்துக்குவாகளான்னுதான் கேக்கணும்."